சுவரைப் பார்த்த விசிறி

அந்த வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான் வரும். கூடத்தில் வரிசையாக நாற்காலிகள் கிடக்கின்றன, அவற்றில் மனிதர்கள் வியர்த்து வழிய உட்கார்ந்திருக்கிறார்கள். மேசை விசிறியோ உள்ளறைக் கதவை ஒட்டி ஒரு முக்காலியில் நின்றுகொண்டு சுவருக்குக் காற்று வீசுகிறது. சும்மாவும் வீசவில்லை. தொண்டையில் முள் மாட்டியவர் காறுவதுபோல விடாமல் கரகரத்துக்கொண்டே வீசுகிறது.

அது காற்றுக்கு வைத்த விசிறி இல்லை, சத்தத்துக்கு வைத்தது. அந்த உள்ளறையில் வீட்டுக்காரி மனநல ஆலோசனை நடத்துகிறாள். வேறெங்கும் சொல்ல முடியாததை அங்கே வந்து மனிதர்கள் சொல்வார்கள். வீடு பழையது, கதவு மெல்லிய பலகை. தொழில் தொடங்கிய புதிதில் கதவுக்குப் பஞ்சு வைத்து அடைத்துத் தருகிறேன் என்றார் தச்சர். அவர் கேட்ட கூலிக்கு வீட்டையே மாற்றிவிடலாம் போலிருந்தது. பழைய சாமான் கடையில் இந்த விசிறி அகப்பட்டது. "ஓடும்மா, ஆனா கத்தும்," என்றார் கடைக்காரர், மன்னிப்புக் கேட்கிற குரலில். அவள் அதை ஓடவிட்டு, பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, இதுதான் வேண்டும் என்று தூக்கிக்கொண்டு வந்தாள்.

தெருவில் அவளுக்குப் பெயர் டாக்டரம்மா. "நான் டாக்டர் இல்லீங்க, மாத்திரை எழுத மாட்டேன், பேச்சு மட்டும்தான்," என்று பல வருஷம் திருத்திப் பார்த்தாள். "சரிங்க டாக்டரம்மா," என்றார்கள். புதிதாக வருகிறவர் எவரானாலும் உட்கார்ந்ததும் அவள் சொல்கிற முதல் வாக்கியம் ஒன்று உண்டு: "இங்க பேசறது இந்தக் கதவைத் தாண்டாது." அந்த வாக்கியமும் அந்த விசிறியும்தான் அவள் தொழிலில் போட்ட மொத்த முதல்.

கணவர் சோபாக் கடையில் மேலாளராக இருந்தார். கடை மூடிவிட்டது, மேலாண்மை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. கூடத்து நாற்காலிகளை நாளுக்கொரு கோணத்தில் போட்டுப் பார்ப்பார். தள்ளி நின்று தலையைச் சாய்த்து ரசிப்பார். மற்ற நேரத்தில் சமையல். ரொட்டியும் முட்டையும், மறுநாள் முட்டையும் ரொட்டியும். அந்த வருஷம் வெயில் வேறு விட்ட பாடில்லை. வெயிலில் யாரும் மனசைச் சரிசெய்துகொள்ளக் கிளம்பி வருவதில்லை. போனில் எந்த நேரமும் பேசலாம், முதல் பேச்சு இலவசம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் பாதிப் பேரைக் கொண்டுபோனார்கள். மிச்சம் இருந்தவர்கள் வாரம் ஒருமுறை வந்ததை மாதம் ஒருமுறை ஆக்கினார்கள். அவளும் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் ரொட்டியும் முட்டையுமாகத்தான் இருக்கும்.

இந்த நேரம் பார்த்துத்தான் கொழுந்தன் வந்து சேர்ந்தான்.

ஊரெல்லாம் அவனை 'மைக்கு' என்றுதான் கூப்பிடும். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பான். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, பெயர் அட்டையிலேயே அச்சடித்துவிட்டான். முதலில் தண்ணீர் வடிகட்டி விற்றான். பிறகு மனை விற்றான். பிறகு மனை விற்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தான். இப்போது, கற்றுக்கொடுப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கிறான்.

"அண்ணி, நீங்க நேரத்தை விக்கிறீங்க," என்றான், அண்ணன் போட்ட ரொட்டியைக் கடித்தபடி. "நேரம் தீர்ந்துபோற சரக்கு. வருமானத்தைப் பரவலாக்கணும். நீங்க தூங்கும்போதும் பணம் வரணும்."

"நான் தூங்கும்போது எனக்குத் தூக்கம் வந்தாப் போதும் தம்பி."

அவன் சிரிக்கவில்லை. முன்னேறாதவர்களின் நகைச்சுவைக்குச் சிரிக்கக்கூடாது என்று அவனுடைய பாடத்திட்டத்திலேயே இருந்தது.

பரவலாக்கல் கோப்பையில் தொடங்கியது. 'அமைதி' என்று எழுதிய பீங்கான் கோப்பைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. விற்றதைவிட உடைந்தது அதிகம். மீதியில் வீட்டில் தேநீர் குடித்தார்கள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்த எல்லாச் சண்டையும் கையில் அமைதியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது.

அடுத்தது நிறுவன உரை. ஊருக்கு வெளியே இருந்த பார்சல் கிடங்கில் ஆட்களுக்குக் கோபம் அதிகமாகிவிட்டதாம்; கோபத்தைக் கையாள்வது எப்படி என்று பேச வேண்டுமாம். தகரக் கூரைக்குக் கீழே, மூட்டை தூக்கி முதுகு நனைந்தவர்கள் தரையில் உட்கார்ந்திருக்க, அவள் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். முடிந்ததும் ஒரு ஆள் எழுந்தார். "மூச்சை இழுத்து விடச் சொல்றீங்க மேடம், சரி. எப்ப விடறது? இடைவேளையத்தான் எடுத்துட்டாங்களே." எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மேலாளரைப் பார்த்தாள். மேலாளர் கைதட்டி, நல்ல கேள்வி என்று பாராட்டி, கூட்டத்தை முடித்து, அவளுக்கு நினைவுப் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். இடைவேளையை எடுத்தவர்கள் கொடுத்த கடிகாரத்தை அவள் வீட்டில் மாட்டவில்லை. இனி அந்த மாதிரி உரைக்குப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டாள். "ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்துட்டோம்," என்று மைக்கு அண்ணனிடம் துக்கம் விசாரிக்கிற தொனியில் சொன்னான்.

மூன்றாவதுதான் அமைதி வட்டம். அவள் வீட்டுக் கூடத்திலேயே தெருப் பெண்களை வட்டமாக உட்காரவைத்து வாராவாரம் வகுப்பு. முதல் நாள் இலவசம். தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. இதற்கு அவள் சரி என்றாள். யாரும் அவள் கையை முறுக்கவில்லை. களைத்துப்போயிருந்தாள், சரி என்றாள். மைக்கு வாசலில் துணிப் பதாகை கட்டினான். அதில் அவள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, மக்கள் கொடுத்த பட்டத்தை மறுப்பது மக்களை அவமதிப்பது என்றான்.

இனி தையல்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தெருமுனையில் அவளுக்குச் சின்னக் கடை. ஒரே ஒரு மோட்டார் மெஷின். அது ஓடினால் அடுத்த கடை வரை தரை அதிரும். அவள் தைத்ததைப் பிரித்துத் தைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை. அவளுடைய கணவன் வெளிநாட்டில் வேலை பார்ப்பது தெருவுக்கே தெரியும். கடையில் கூட்டம் இருக்கும்போது அவனிடமிருந்து போன் வரும். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "சாப்பிட்டாச்சா, ரொம்ப வெயிலா அங்க, இங்கயும்தான்," என்று பேசுவாள். அவ்வப்போது அவன் அனுப்பிய சோப்பும் சென்ட்டும் வரும். வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டி முகரக் கொடுப்பாள்.

அவன் எங்கேயும் வேலை பார்க்கவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் கடைக்குப் பொத்தான் வாங்கப் போனவன் திரும்பவில்லை; அவ்வளவுதான். முதல் வாரம் யாரோ கேட்டபோது வெளியூர் போயிருக்கிறார் என்றாள். அந்த ஒரு சொல் வளர்ந்து வெளிநாடாகிவிட்டது. சோப்பை அவளே பெரிய கடைத்தெருவுக்குப் போய் வாங்குவாள். போனில் அந்தப் பக்கம் யாரும் கிடையாது.

இது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். தையல்காரிக்கும், கதவுக்கு உள்ளே உட்கார்ந்து கேட்டவளுக்கும். வெயில், மழை, போன் விளம்பரம் எதுவும் தையல்காரியை நிறுத்தியதில்லை. வாரம் தவறாமல், பழைய துணி மூட்டை ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அளவு எடுக்க வருகிறவள் மாதிரி வருவாள். அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் அவளுக்குக் கணவன் இல்லாத நேரம்.

அமைதி வட்டத்தின் முதல் நாளும் அவளுடைய நாளாக அமைந்தது. வகுப்பு அவள் போன பிறகுதான். ஆனால் மக்கள் எப்போதும் தாமதமாகத்தான் வருவார்கள் என்று கணக்குப் போட்டு, மைக்கு எல்லோரிடமும் ஒரு மணி நேரம் முன்னதாகவே சொல்லி வைத்திருந்தான். பிஸ்கட் என்று சொன்னதை மறந்துவிட்டான். எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள்.

கூடம் நிறைந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே யார் என்று வந்தவர்களுக்குத் தெரியாது. கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி முன் வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். மூக்குக் கண்ணாடி விற்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டதாலோ என்னவோ, அவள் பார்வைக்கு எதுவும் தப்பாது. "விசிறி இருந்தும் வேர்க்குதே தம்பி. சுவத்துக்கா ஜுரம்?" என்றாள்.

பெண்கள் சிரித்தார்கள். மைக்குக்கு அவமானமாகிவிட்டது. அண்ணன் வீட்டின் மொத்த வீழ்ச்சிக்கும் காரணம் அந்த விசிறியில் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது. போய் நிறுத்தினான். "வாடிக்கையாளருக்குக் காத்து வராம சுவத்துக்குக் காத்து போகுது, இப்படித்தான் இந்த வீடு நடக்குது," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டே சமையலறை அலமாரியிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்து அதன் கழுத்தில் விட்டான். கூடத்தின் பக்கம் திருப்பி ஓடவிட்டான். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த விசிறி வாயை மூடிக்கொண்டு ஓடியது. காற்று ஜில்லென்று வந்தது. பெண்கள் பாராட்டினார்கள். கணவர் தேநீர்த் தட்டோடு வந்தவர் இதைப் பார்த்தார். ஒரு கணம் நின்றார். பிறகு தட்டை நீட்டினார்.

உள்ளே அவளுக்கும் ஏதோ மாறியது தெரிந்தது. அறை திடீரென்று தெளிந்தது. தையல்காரியின் ஒவ்வொரு மூச்சும் தனித்தனியாகக் கேட்டது. அதைத் தன் கவனத்தின் ஆழம் என்று நினைத்துக்கொண்டாள். படித்தவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

"இன்னைக்கும் பேசினேன் மேடம்," என்றது உள்ளிருந்து குரல். கூடத்தில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது. "கடை நிறையக் கூட்டம். சாப்பிட்டியான்னு கேட்டேன். நானே கொஞ்ச நேரம் சும்மா இருந்து, அவன் பதில் சொல்ற மாதிரி தலையாட்டினேன். அந்தப் பக்கம் யாரும் இல்ல மேடம். இத்தனை வருஷமா யாரும் இல்ல. சோப்பு வாங்கப் போன எடத்துல கடைக்காரன் கேக்கறான், உங்க வீட்டுக்காரருக்கு இந்த வாசனை புடிக்குமான்னு. ஆமான்னு சொல்லிட்டு வெளிய வந்து..." பிறகு அழுகை. துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிற அழுகை. விசிறி கத்தியிருந்தால் கேட்டிருக்காது.

கணவரின் கையில் தட்டு சாய்ந்து ஒரு கோப்பை விழுந்து உடைந்தது.

அந்தச் சத்தம் இவ்வளவு கிட்டத்தில் கேட்டதும்தான் உள்ளே இருந்தவளுக்குப் புரிந்தது. தையல்காரியும் நிமிர்ந்தாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே ஒரு கூட்டத்தின் இருமல்கள், நாற்காலிகள் நகரும் ஓசை. தையல்காரியின் முகத்தில் ரத்தம் வற்றியது. துணி மூட்டையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

இவள் எழுந்து கதவைத் திறந்தாள். தெருவே உட்கார்ந்திருந்தது. விசிறி தலையை அசைத்து அசைத்து எல்லோருக்கும் சமமாகக் காற்று கொடுத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. அந்தக் கோபத்தைப் பல்லுக்குள் வைத்துக் கடித்து, சிரித்தாள்.

"எப்படி இருந்துச்சு எங்க நடிப்பு?" என்றாள்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வட்டத்துல என்ன நடக்கும்னு உங்களுக்கு ஒரு மாதிரி காட்டலாம்னு நினைச்சோம். ஆள் வேணும்னு கேட்டேன், இவங்க ஒத்துக்கிட்டாங்க. யார் கதையையோ சொன்னா உயிர் இருக்காது, உங்க வீட்டுக்காரர் இல்லாத மாதிரியே வச்சுக்குங்கன்னு நான்தான் சொன்னேன்."

பெண்களின் முகம் மெல்ல இளகியது. நம்புவதுதான் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. யாரோ கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். மைக்கு எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான், அவனும் நம்பிவிட்டான். கண்ணாடிக்காரி மட்டும் தட்டவில்லை. கதவருகே வந்து நின்ற தையல்காரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அழுததும் நடிப்பாக்கும்?"

"அழத் தெரியாதவளை நடிக்கக் கூப்பிடுவாங்களாக்கா?" என்றாள் தையல்காரி. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. மூட்டையிலிருந்து போனை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, காதில் வைத்தாள்.

"ம், முடிஞ்சுது. எல்லாரும் கை தட்டினாங்க." கொஞ்ச நேரம் கேட்டாள், தலையாட்டினாள். கண்கள் ஆலோசகரின் மேலேயே இருந்தன. "ஆமா, நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. ஆனா இனிமே நடிக்க வரமாட்டேன்னு சொல்லிட்டேன். நம்மால ஆகாது. சரி, வைக்கட்டுமா."

போனை மூட்டைக்குள் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். கதவைத் தாண்டாது என்று சொன்னவளுக்கு மட்டும்தான் அந்தப் போன் பேச்சு யாருக்கு என்று தெரிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு சமையலறையில் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று கணவர் பின்னால் நினைத்தார். மைக்கு பெயர்ப் பதிவு செய்த பெண்களின் எண்ணிக்கையைச் சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் முதல் தடவையாக அவனுக்குச் சாதாரணக் குரல் வந்தது. எண்ணெய்தானே விட்டேன் அண்ணி, என்றான். பழுதைச் சரிசெய்தால் திட்டுகிற வீட்டை அவன் பார்த்ததில்லையாம்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"விசிறி எதுக்குன்னு தம்பிக்குத் தெரியாது. உங்களுக்கு?"

"தெரியும்மா." உடைந்த கோப்பையைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "கொஞ்ச நேரம்தானேன்னு நினைச்சேன். எல்லாரும் காத்து வருதுன்னு சந்தோஷமா இருந்தாங்க. எத்தனை மாசத்துக்கப்புறம் நாற்காலி எல்லாம் நிறைஞ்சுது. நிறுத்த மனசு வரலை."

"நாற்காலி நிறைஞ்சுது."

"ஆமா."

"ஒருத்திய உரிச்சுத் தொங்கவிட்டிருக்கோம். தம்பிக்குக் காத்து வந்துச்சு, உங்களுக்கு நாற்காலி நிறைஞ்சுது. எனக்கு என்னன்னு யோசிச்சேன். எனக்கு அறை அமைதியா இருந்துச்சு. நானும் சந்தோஷப்பட்டுக்கிட்டுதான் உக்காந்திருந்தேன்." அமைதி என்று எழுதிய கோப்பை அவள் கையில் இருந்தது. அதைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். போய் விசிறியைத் தூக்கிவந்து பழைய இடத்தில் சுவரைப் பார்க்க வைத்து ஓடவிட்டாள். பட்டுப்போல ஓடியது. வேகத்தைக் கூட்டினாள், இன்னும் இதமாக ஓடியது. பக்கவாட்டில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அதற்கும் அது கத்தவில்லை.

வட்டத்தை நிறுத்தவும் முடியவில்லை. நடிப்பு என்று சொன்னதால்தான் தையல்காரி தெருவில் தலைநிமிர்ந்து நடக்கிறாள். வட்டமே இல்லை என்றால் நடிப்பு எங்கிருந்து வந்தது என்று கண்ணாடிக்காரி கேட்பாள். ஒரு பொய்க்குக் காவல் நிற்க வாரம் ஒரு வகுப்பு நடத்தியாக வேண்டும். வருமானம் இப்படியும் பரவும் என்று மைக்கின் பாடத்திட்டத்தில் இல்லை.

அடுத்த வாரம் பெண்கள் இன்னும் சீக்கிரமாக வந்தார்கள். இன்று யார் அழப்போகிறார்கள் என்று கேட்டார்கள். நடிக்க ஆள் பார்த்து வைத்திருப்பதாக மைக்கு சொன்னான்.

"ஆள் எதுக்கு தம்பி? நீங்களே உக்காருங்க," என்றாள் அவள்.

அவனுக்கு மேடை என்றால் மறுக்கத் தெரியாது. வட்டத்தின் நடுவில் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். அவள் எதிரே உட்கார்ந்தாள். உள்ளறையில் பேசுகிற அதே தணிந்த குரல்.

"என்ன வேலை பண்றீங்க?"

"மக்களோட வாழ்க்கைய மாத்தறேன்." பெண்கள் சிரித்தார்கள். அவன் கையசைத்து ஏற்றுக்கொண்டான்.

"யாரோட வாழ்க்கை மாறிச்சு? ஒரு ஆளைச் சொல்லுங்க."

"நிறையப் பேர் இருக்காங்க."

"ஒருத்தர் போதும்."

அவன் யோசித்தான். போட்ட காலைக் கீழே இறக்கினான். யாருமே நினைவுக்கு வரவில்லையா என்று கேட்டாள். தண்ணீர் வடிகட்டி வாங்கியவர்கள் இப்போது என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேட்டாள். ஒரு பொருள் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்காமலே கை வைக்கிற பழக்கம் எத்தனை நாளாக என்று கேட்டாள். ஒவ்வொரு கேள்வியும் மென்மையாக, ஊசி இறங்குகிற மாதிரி இறங்கியது. பெண்கள் சிரிப்பதை நிறுத்தி முன்னால் குனிந்தார்கள். அவளுக்குள் போன வாரத்துக் கோபம் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படி இறங்கி இளைப்பாறியது. அது நன்றாக இருந்தது. நன்றாக இருப்பது தெரிந்தும் அவள் நிறுத்தவில்லை.

"பேச்சை நிறுத்தினா என்ன ஆயிடும் தம்பி?"

அவன் வாயைத் திறந்தான். வந்த குரல் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை. "நிறுத்தினா யாரும் என்னைத் திரும்பிப் பாக்க மாட்டாங்க அண்ணி. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். அண்ணனுக்குத் தெரியும்." உதடு கோணியது. எழுந்து, செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே போய்விட்டான்.

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. "தம்பி பிரமாதமா நடிக்குது," என்றாள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே. அடுத்த வாரம் மீதிக் கதையா என்று கேட்டாள் இன்னொருத்தி. கணவர் சமையலறை வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். விசிறி இல்லாமல், கதவும் இல்லாமல், ஒருவனை நடுக்கூடத்தில் உட்காரவைத்து அவளே உரித்திருந்தாள்.

"மீதி கிடையாதுங்க," என்றாள். "வட்டம் இன்னியோட முடிஞ்சுது. கொடுத்த பணத்தை வீட்டுக்காரர் திருப்பித் தருவார்." நடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னாள். கண்ணாடிக்காரி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசி ஆளாகப் போனாள். அன்று மாலை மைக்கின் செருப்பைக் கணவர் கொண்டுபோய்க் கொடுத்தார். அண்ணனும் தம்பியும் தேநீர்க் கடை வாசலில் நின்று வெகு நேரம் பேசாமல் தேநீர் குடித்தார்களாம்.

அடுத்த வாரமும் தையல்காரியின் நேரம் வந்தபோது உள்ளறை நாற்காலி காலியாக இருந்தது. எதிரே உட்கார்ந்து பார்த்தாள். பிறகு கனமான துணி ஒன்றை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். வெயில் விட்டு, வானம் கறுத்து, முதல் மழை பெரிய பெரிய துளியாக விழத் தொடங்கியிருந்தது.

கடையில் தையல்காரி தனியாகத்தான் இருந்தாள். "வாங்க," என்றாள், எல்லோரிடமும் சொல்கிற மாதிரி. "என்ன தைக்கணும்?"

"கதவுக்குத் திரை."

"அளவு?"

அவள் அளவு எடுத்துக்கொண்டு வரவில்லை. தையல்காரி துணியை வாங்கி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, மேசையில் போட்டாள். சுண்ணக்கட்டியைத் தேடினாள். அது கையிலேயே இருந்தது.

"நான் செஞ்சது..." என்று இவள் ஆரம்பித்தபோது, மழைக்கு ஒதுங்க வாசலில் ஒரு உருவம் வந்து நின்றது. கண்ணாடிக்காரி. நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டு, "அடேங்கப்பா, நடிகைங்க ரெண்டு பேரும் இங்கயா?" என்றாள். உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே, காதை உள்ளே வைத்துக்கொண்டு நின்றாள்.

தையல்காரி அவளைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். மெஷினில் போய் உட்கார்ந்தாள். ஊசியிலிருந்து நூலை உருவி எறிந்தாள். துணியை அமுக்கும் இரும்புப் பாதத்தைத் தூக்கினாள். கீழே துணி இல்லை. காலை அழுத்தினாள்.

மோட்டார் அலறியது. தரை அதிர்ந்தது; மேசைமேல் கத்தரிக்கோல் நடுங்கியது. ஊசி வெறுமையில் ஏறி ஏறி இறங்கியது. இவள் முக்காலியை இழுத்து, முழங்கால் இடிக்க நெருங்கி உட்கார்ந்தாள்.

"முதல்ல உங்களைத்தான் திட்டணும்," என்றாள் தையல்காரி, முகத்தை மெஷினிலிருந்து திருப்பாமல்.

"திட்டுங்க."

"முன்னாடி ஒரு வேஷம்தான் போட்டேன். புருஷன் இருக்கற மாதிரி. இப்ப, புருஷன் இல்லாத மாதிரி நடிச்சவ மாதிரியும் நடிக்கணும். வர்றவ எல்லாம், அக்கா அந்த அழுகைய ஒரு தடவை அழுது காட்டுங்கங்கறா. ரவிக்கைக்கு அளவு எடுக்கறப்ப கேக்கறா. நானும் அழுது காட்டறேன். சிரிக்கறாளுக. எனக்குன்னு அது ஒண்ணுதான் நிஜமா இருந்துச்சு. அதையும் பிடுங்கி அவளுக கையில குடுத்துட்டீங்க. காப்பாத்தினேன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்களா?"

"நினைச்சேன்."

"நினைக்காதீங்க."

"சரி."

தையல்காரியின் கால் இன்னும் அழுத்தியது. கண்ணீர் மெஷினின் தகட்டில் விழுந்தது. அதை அவள் புறங்கையால் துடைத்துவிட்டாள், இரும்பு துருப்பிடித்துவிடும் என்பதுபோல. அவள் திட்டிக்கொண்டே போனாள். டாக்டரம்மாவை, மைக்கை, பிஸ்கட் தின்ன வந்தவர்களை, பொத்தான் வாங்கப் போனவனை. இவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாசலில் கண்ணாடிக்காரி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். மழையும் மெஷினுமாகச் சேர்ந்து அவள் காதுக்கு எதையும் விடவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் சத்தமாகக் கேட்டாள், "என்ன, இன்னிக்கு வேலை ரொம்ப நெருக்கடியோ?"

"ஆமாக்கா," என்றாள் தையல்காரி, காலை எடுக்காமலே. "ரொம்ப நாளாச் சேந்துபோச்சு."